கண்ணியம் காத்த மக்கள் பிரதிநிதி
காயிதே மில்லத் அவர்களின் சட்டமன்ற வாழ்வு தரும் பாடம்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் வல்ல நாயன் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. அவனது சாந்தியும் அருளும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும், அவர்கள் காட்டிய வழியில் நடந்த நல்லோர் அனைவர் மீதும் என்றென்றும் நிலவட்டுமாக!

     

ஆண்டறிக்கை வாசிக்கப்பட்டு, வரவு செலவுக் கணக்குகள் ஒப்புதல் பெற்ற பின்னர், நம் சமுதாயத் தலைவர் ஒருவரைப் பற்றிப் பேசுமாறு நிர்வாகத்தார் பணித்தார்கள். கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்களைத் தேர்ந்துகொண்டேன். அவர்களது எளிமையையும் நேர்மையையும் பற்றி மேடைதோறும் பேசப்படுகிறது. நீங்களும் பலமுறை கேட்டிருப்பீர்கள். இன்று நான் பேச விரும்புவது அதிகம் பேசப்படாத ஒரு பக்கத்தைப் பற்றி. அவர்கள் சபையில் எவ்வாறு நடந்துகொண்டார்கள்? எண்ணிக்கையில் சிறியதாய் இருந்த ஒரு தரப்பின் பிரதிநிதியாக, தம் கருத்து தோற்கும் என்று அறிந்திருந்தும் எவ்வாறு எழுந்து நின்றார்கள்? தோற்ற மறுநாள் என்ன செய்தார்கள்? இம்மூன்று கேள்விகளுக்கும் அவர்களது வாழ்வில் விடை இருக்கிறது. அவ்விடை பொதுக்குழுவில் அமர்ந்திருக்கும் நமக்கும் மிகவும் தேவைப்படுகிறது.

பேட்டையில் பிறந்த பிள்ளை

திருநெல்வேலி பேட்டையில் 1896 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5 ஆம் நாள் அவர்கள் பிறந்தார்கள். இளமையிலேயே தந்தையை இழந்து தாயாரின் அரவணைப்பில் வளர்ந்தார்கள். திருநெல்வேலியிலும், திருச்சி புனித வளனார் கல்லூரியிலும், சென்னை கிறித்துவக் கல்லூரியிலும் பயின்றார்கள். 1920 இல் ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பு நாடெங்கும் ஒலித்தபோது, பி.ஏ. தேர்வை எழுதாமலேயே கல்லூரியை விட்டு வெளியேறினார்கள். பட்டம் பெற்றவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களாய் இருந்த காலம் அது. பட்டம் பெற்றால் அரசுப் பணி உறுதி என்றிருந்த அந்நாளில், வாசல் வரை வந்த வாய்ப்பை நாட்டுக்காகத் துறந்தார்கள். அதன்பின் சென்னையில் தோல் வணிகத்தில் ஈடுபட்டு, வணிகர்களிடையே நாணயத்திற்குப் பெயர் பெற்றார்கள்.

முப்பதுகளின் நடுப்பகுதியில் முஸ்லிம் லீக்கில் இணைந்து, 1945 இல் சென்னை மாகாண லீக்கின் தலைவரானார்கள். 1946 இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்திற்குத் தேர்தல் நடைபெற்றது. இன்றுபோல் பதினெட்டு வயது நிறைந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை இருந்த காலமன்று. சொத்து, வரி, கல்வி ஆகிய தகுதிகளை உடையோருக்கே வாக்கு. முஸ்லிம்கள் தனியே வாக்களித்துத் தம் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் தனித்தொகுதி முறை நடைமுறையில் இருந்தது. 215 இடங்கள் கொண்ட அம்மன்றத்தில் காங்கிரஸ் 160க்கும் மேற்பட்ட இடங்களைப் பிடித்தது. முப்பதுக்கும் குறைவான இடங்களுடன் முஸ்லிம் லீக் இரண்டாவது பெரிய கட்சியாயிற்று. இஸ்மாயில் சாஹிப் அவர்கள் எதிர்க்கட்சித் தலைவராக அமர்ந்தார்கள்.

எதிர்க்கட்சி இருக்கையில் ஆறு ஆண்டுகள்

எதிர்க்கட்சித் தலைவர் என்றால் ஆட்சியைக் குறை கூறுபவர் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். அப்பணியின் உள்ளமைப்பைச் சற்றே விளக்குகிறேன். அவையில் கேள்வி நேரம் என ஒன்று உண்டு. அமைச்சரிடம் எழுத்து மூலம் கேள்வி கொடுத்தால், அவர் அவையில் விடை சொல்லியாக வேண்டும். நிதிநிலை அறிக்கையின் மானியக் கோரிக்கை வரும்போது, ஒரு சிறு தொகையைக் குறைக்குமாறு வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம். தொகை குறைய வேண்டும் என்பது அதன் உண்மையான நோக்கமன்று; அத்துறையின் குறையை அவையில் எடுத்துச் சொல்ல அது ஒரு வாயில். சட்ட முன்வடிவு வந்தால் ஒவ்வொரு பிரிவுக்கும் திருத்தம் கொடுக்கலாம். திருத்தம் வாக்கெடுப்பில் தோற்கலாம். எனினும் அது யாரால், எந்நாளில், எக்காரணம் கூறி முன்மொழியப்பட்டது என்பது அவை நடவடிக்கைக் குறிப்பில் எழுத்தாகிவிடும். ஆட்சி மாறினாலும் அவ்வெழுத்து மாறாது.

அந்த ஆறு ஆண்டுகளில் சென்னை மாகாணத்திற்கு மூன்று பிரதமர்கள் வந்தார்கள். அன்று மாகாண முதலமைச்சரைப் பிரதமர் என்றே அழைப்பது வழக்கம். முதலில் ஆந்திர கேசரி பிரகாசம், 1947 இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார், 1949 இல் குமாரசாமி ராஜா. பேரவைத் தலைவராக இருந்தவர் ஜே. சிவசண்முகம் பிள்ளை. ஆலய நுழைவுச் சட்டம், தேவதாசி ஒழிப்புச் சட்டம், ஜமீன் ஒழிப்புச் சட்டம் எனத் தமிழகச் சமூக வரலாற்றையே மாற்றிய சட்டங்கள் அம்மன்றத்தில்தான் நிறைவேறின. ஆளுங்கட்சியில் பிளவுகள் தோன்றின, தலைமைகள் மாறின. எதிர்வரிசையின் முதல் இருக்கையில் மட்டும் ஒரே மனிதர் ஆறு ஆண்டுகள் அமர்ந்திருந்தார்.

அந்த ஆறு ஆண்டுகளின் நடுவில்தான் 1947 ஆகஸ்ட் வந்தது. நாடு விடுதலை பெற்றது, பிரிவினையும் நேர்ந்தது. வடநாட்டில் இரத்தம் ஆறாய் ஓடியது. முஸ்லிம் லீக் என்ற பெயரைச் சொல்லவே பலர் அஞ்சிய நாட்கள் அவை. லீக்கின் பெருந்தலைவர்கள் பலர் எல்லை தாண்டிப் போய்விட்டனர். இங்கிருந்தோரில் சிலர் கட்சியைக் கலைத்துவிடுவதே நல்லது என்றனர். சிலர் ஆளுங்கட்சியில் சேர்ந்தனர். அவர்களுக்கும் அவர்களது நியாயங்கள் இருந்தன. அச்சம் மனிதனுக்கு இயல்பு. அதைக் குற்றமாகச் சொல்ல நான் வரவில்லை.

1948 மார்ச் 10 ஆம் நாள் சென்னை ராஜாஜி மண்டபத்தில் கூடிய கூட்டத்தில், கலைப்பதா தொடர்வதா என்ற கேள்விக்கு முடிவு காணப்பட்டது. இந்திய யூனியன் முஸ்லிம் லீக் உருவாயிற்று. அதன் தலைமைப் பொறுப்பை இஸ்மாயில் சாஹிப் அவர்கள் ஏற்றார்கள். அன்று அப்பதவி எவரும் போட்டியிட்டுப் பெறத்தக்க பதவியாய் இருக்கவில்லை. ஐயத்தையும் ஏச்சையும் தாங்குவதற்கு ஒரு தோள் தேவைப்பட்டது. அத்தோளை அவர்கள் கொடுத்தார்கள். புதிய நாட்டின் குடிமகனாக, அதன் சட்டத்திற்குள் நின்று, சபைக்குள் பேசியே உரிமையைக் கேட்பது என்பதுதான் அவர்கள் எடுத்த முடிவின் சாரம்.

தோற்ற திருத்தம் பெற்றுத் தந்த விளக்கம்

அதே 1948 இல் அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினராகவும் ஆனார்கள். ஒருபுறம் சென்னைச் சட்டமன்றம். மறுபுறம் டில்லியில் நாட்டின் அரசமைப்பையே வரையும் மாமன்றம். சென்னையிலாவது எதிர்க்கட்சித் தலைவர் என்ற தகுதி இருந்தது. டில்லியில் ஒருசிலரே துணை. அவர்களில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பி. போக்கர் சாஹிப், மஹ்பூப் அலி பேக் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள்.

1948 நவம்பர் 23 ஆம் நாள். வரைவு அரசமைப்பின் 35 ஆம் பிரிவு விவாதத்திற்கு வந்தது. இன்று 44 ஆம் பிரிவாக இருப்பது அதுவே. நாடு முழுமைக்கும் ஒரே சிவில் சட்டம் கொண்டுவர அரசு முயல வேண்டும் என்பது அதன் கருத்து. இஸ்மாயில் சாஹிப் அவர்கள் எழுந்து ஒரு திருத்தத்தை முன்மொழிந்தார்கள். தனக்கெனத் தனியார் சட்டம் உடைய எந்தச் சமுதாயமும் அதைக் கைவிடுமாறு கட்டாயப்படுத்தப்படலாகாது என்று ஒரு நிபந்தனையைச் சேர்க்க வேண்டும் என்பதே அத்திருத்தம். கவனியுங்கள்: எந்தச் சமுதாயமும் என்றார்கள். முஸ்லிம்கள் என்று அவர்கள் எழுதவில்லை. தனியார் சட்டம் என்பது மக்களின் வாழ்வு முறையோடும் சமயத்தோடும் பின்னிப் பிணைந்தது என்று எடுத்துரைத்தார்கள்.

எதிர்த்துப் பேசியவர்கள் எளியவர்கள் அல்லர். கே. எம். முன்ஷியும், சட்ட மேதை அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் பேசினார்கள். இறுதியில் டாக்டர் அம்பேத்கர் மறுமொழி கூறினார். திருத்தத்தை அவர் ஏற்கவில்லை. எனினும் அவர் தம் மறுமொழியில் சொன்ன ஒரு கருத்தை நாம் மறக்கக் கூடாது. இப்பிரிவு, சட்டம் உருவானவுடன் அனைவர் மீதும் அதைத் திணிக்க வேண்டும் என்று கூறவில்லை. எதிர்காலப் பாராளுமன்றம் விரும்பினால், தாமாக முன்வந்து ஏற்றுக்கொள்வோருக்கு மட்டும் அது பொருந்தும் என்ற முறையில் தொடங்கலாம் என்னும் பொருள்பட அவர் விளக்கம் அளித்தார்.

திருத்தம் தோற்றது, உண்மைதான். ஆனால் அத்திருத்தம் முன்மொழியப்படாமல் இருந்திருந்தால், அரசமைப்பை வரைந்த குழுவின் தலைவர் அந்த விளக்கத்தை அவையில் அளிக்க வேண்டிய தேவை எழுந்திருக்குமா? இன்றளவும் 44 ஆம் பிரிவைப் பற்றி எங்கே விவாதம் எழுந்தாலும், வழக்கறிஞர்களும் அறிஞர்களும் அந்த நவம்பர் 23 இன் பக்கங்களைப் புரட்டுகிறார்கள். அங்கே கேள்வி இருக்கிறது, விடையும் இருக்கிறது. எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் இரண்டும் உயிரோடு இருக்கின்றன.

1949 மே மாதம் இன்னொரு சோதனை வந்தது. சிறுபான்மையினருக்கெனச் சட்டமன்றங்களில் இடம் ஒதுக்கும் ஏற்பாட்டைக் கைவிடலாம் என்று ஆலோசனைக் குழு பரிந்துரைத்தது. சர்தார் பட்டேல் அதை அவையில் வைத்தார். தனித்தொகுதி முறை தொடர வேண்டும் என்று இஸ்மாயில் சாஹிப் அவர்கள் திருத்தம் கொடுத்தார்கள். பிரிவினையின் புண் ஆறாத நேரத்தில், அக்கோரிக்கையே பிரிவினைக்கு வித்திட்டது என்று பெரும்பான்மையோர் கருதிய அவையில் அதைச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்! பட்டேல் கடுமையாகவே மறுமொழி கூறினார். முஸ்லிம் உறுப்பினர்களிலேயே பேகம் ஐஸாஸ் ரஸூல், தஜம்முல் ஹுஸைன் போன்றோர் மாற்றுக் கருத்துக் கொண்டிருந்தனர். தனித்தொகுதி முறை நல்லதா அல்லதா என்பதில் அன்றும் நம்மவர்களிடையே இரு கருத்து இருந்தது, இன்றும் இருக்கலாம். நான் சுட்டிக்காட்ட விரும்புவது வேறு. கடுஞ்சொல் கேட்டபோதும் அவர்கள் கடுஞ்சொல் பேசவில்லை. வாதத்தை வாதமாகவே வைத்தார்கள். தோற்றார்கள், அமர்ந்தார்கள், அடுத்த பிரிவு விவாதத்திற்கு வந்தபோது மீண்டும் எழுந்தார்கள்.

தாய்மொழிக்காக எழுந்த குரல்

1949 செப்டம்பரில் ஆட்சிமொழி பற்றிய விவாதம் நடைபெற்றது. நாட்கணக்கில் நீண்ட அவ்விவாதத்தில் அவர்களும் பங்கேற்றார்கள். காந்தியடிகள் வலியுறுத்திய ஹிந்துஸ்தானிக்காக அவர்கள் வாதாடினார்கள். மொழியின் பழமையே அளவுகோல் எனில், இந்நாட்டின் மிகப் பழைய மொழிகளுள் முன்னிற்பது தமிழே என்று அப்பேரவையில் எடுத்துரைத்தார்கள். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம் ஒருவர், டில்லி மாநகரில், நாட்டின் அரசமைப்பு எழுதப்படும் மன்றத்தில் எழுந்து நின்று தமிழின் தொன்மையைப் பேசினார் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்கிறார்களா? மார்க்கப் பற்றும் மொழிப் பற்றும் ஒரே நெஞ்சில் வாழ முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அவ்விவாதத்தின் முடிவிலும் அவர்கள் கேட்டது கிடைக்கவில்லை. தேவநாகரி எழுத்திலான இந்தி ஆட்சிமொழி என்றும், ஆங்கிலம் பதினைந்து ஆண்டுகள் தொடரும் என்றும் முடிவாயிற்று. பின்னர் 1965 இல் தமிழகம் கொதித்தெழுந்ததையும், ஆங்கிலம் தொடர 1967 இல் சட்டத் திருத்தம் வந்ததையும் நீங்கள் அறிவீர்கள். தமிழின் தொன்மையை ஏற்று, நடுவண் அரசு அதைச் செம்மொழி என அறிவித்தது 2004 இல். அவர்கள் எடுத்துரைத்து ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன.

தோற்ற மறுநாள்

இனி மூன்றாவது கேள்விக்கு வருவோம். தோற்ற மறுநாள் என்ன செய்தார்கள்?

தனித்தொகுதி முறை போயிற்று. அனைவரும் சேர்ந்து வாக்களிக்கும் பொதுத் தொகுதி முறை வந்தது. தாம் எதிர்த்த முறை இது என்பதற்காக அவர்கள் தேர்தலைப் புறக்கணிக்கவில்லை. வீட்டுக்குள் சென்று கதவடைத்துக்கொள்ளவுமில்லை. அரசமைப்பு ஏற்கப்பட்ட பின் அது தம் அரசமைப்பு. அதன் விதி தமக்கும் விதி என்று ஏற்றுக்கொண்டார்கள்.

1952 இல் முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது, 375 உறுப்பினர்கள் கொண்ட சென்னைச் சட்டமன்றத்தில் லீக்கிற்கு ஒரு கைவிரல் எண்ணிக்கையிலேயே இடங்கள் கிடைத்தன. மாநிலங்களவைக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பது சட்டமன்ற உறுப்பினர்களின் வாக்கு. அந்த எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு எவரும் அங்கே செல்ல முடியாது. பிற கட்சியினர் மனமுவந்து வாக்களித்தால்தான் உண்டு. இஸ்மாயில் சாஹிப் அவர்கள் மாநிலங்களவைக்குச் சென்றார்கள். 1958 வரை உறுப்பினராய் இருந்தார்கள். எதிர்வரிசையில் அமர்ந்திருந்த ஆண்டுகளில் அவர்கள் சேர்த்துவைத்த மதிப்பு எத்தகையது என்பதை இந்த ஒரு கணக்கே நமக்குச் சொல்லிவிடும்.

பின்னர் 1962 இல் கேரளத்தின் மஞ்சேரி தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். 1967 இலும், 1971 இலும் அத்தொகுதி மக்கள் மீண்டும் அவர்களையே அனுப்பினார்கள். பேட்டையில் பிறந்த தமிழர் அவர். வாக்களித்தவர்கள் மலையாளம் பேசும் மக்கள். முஸ்லிம்களும் அல்லாதாரும் ஒரே பெட்டியில் வாக்களிக்கும் பொதுத் தொகுதி. தாம் எதிர்த்து வாதாடித் தோற்ற அதே முறையில் நின்று மூன்று முறை வென்றார்கள்!

1967 ஆம் ஆண்டை இங்கே தனியே குறிப்பிட வேண்டும். தமிழகத்தில் பேரறிஞர் அண்ணா, மூதறிஞர் ராஜாஜி ஆகியோருடன் ஓரணியில் நின்றார்கள். அவ்வணி ஆட்சி மாற்றத்தைக் கொண்டுவந்தது. அதே ஆண்டில் கேரளத்தில், இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமையிலான அமைச்சரவையில் லீக் இடம்பெற்றது, சி.எச். முஹம்மது கோயா கல்வியமைச்சரானார். 1948 இல் கலைத்துவிடுங்கள் என்று சொல்லப்பட்ட இயக்கம், பத்தொன்பதே ஆண்டுகளில் அமைச்சரவையில் அமர்ந்தது.

சபைக்கு வெளியே அவர்கள் வலியுறுத்தியது கல்வியை. சென்னை நியூ கல்லூரியும், திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரியும் 1951 இல் தோன்றின. ஃபாரூக் கல்லூரி 1948 இல் கோழிக்கோட்டிற்கு அருகே தோன்றியது. இழப்பை எண்ணி அழுதுகொண்டிருக்க வேண்டிய காலத்தில் நம் முன்னோர் கல்லூரி கட்டினார்கள் என்பதை இவ்வாண்டுகளே காட்டுகின்றன.

1972 ஏப்ரல் 5 ஆம் நாள் அவர்கள் இறையடி சேர்ந்தார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். சென்னை திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கமாகியுள்ளார்கள். அண்ணா சாலையில் அவர்கள் பெயரால் அரசு மகளிர் கல்லூரி நடைபெறுகிறது. 1996 இல் அஞ்சல் தலை வெளிவந்தது. இவையெல்லாம் சிறப்புகளே. எனினும் அவர்களது உண்மையான நினைவுச் சின்னம், அவை நடவடிக்கைக் குறிப்புகளில் அவர்கள் பெயருக்குக் கீழ் அச்சாகியிருக்கும் அந்தத் தோற்ற திருத்தங்களே என்பேன்.

உஹத் கற்பிக்கும் பாடம்

பெரியோர்களே! இந்தப் பண்பு நமக்குப் புதியதன்று. உஹத் போருக்கு முன்னர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களை அழைத்து ஆலோசனை கேட்டார்கள். மதீனாவிற்குள் இருந்தே எதிர்கொள்ளலாம் என்பது அண்ணலாரின் எண்ணமாயிருந்தது. பத்ரில் பங்கேற்க வாய்ப்பில்லாமற்போன இளைஞர்கள் உள்ளிட்ட பலரும் வெளியே சென்று போரிட விரும்பினார்கள். அல்லாஹ்வின் தூதர் தம் எண்ணத்தை விட்டுக்கொடுத்து, பலரின் விருப்பத்தை ஏற்றுப் புறப்பட்டார்கள். ஆயிரம் பேர் சென்ற அப்படையிலிருந்து, தன் பேச்சு எடுபடவில்லை என்ற காரணத்தைச் சொல்லி முந்நூறு பேருடன் பாதிவழியில் திரும்பிப்போனவன் யார்? நயவஞ்சகர்களின் தலைவன் அப்துல்லாஹ் இப்னு உபை.

கருத்து ஏற்கப்படாதபோதும் உடன் நிற்பது ஒருவகை. கருத்து ஏற்கப்படவில்லை என்றதும் ஆளைத் திரட்டிக்கொண்டு வெளியேறுவது மற்றொரு வகை. உஹதில் பேரிழப்பு நேர்ந்த பிறகும், ஆலோசனை கேட்டதுதான் தவறு என்று மார்க்கம் சொல்லவில்லை. அப்போரைத் தொடர்ந்து அருளப்பெற்ற வசனங்களிலேயே, தோழர்களுடன் கலந்தாலோசிக்குமாறு அண்ணலாருக்குக் கட்டளை வந்ததை உலமாப் பெருமக்கள் எடுத்துக்காட்டுவார்கள்.

நம் பொதுக்குழுவுக்கு

இப்போது நம் மஹல்லாவின் பக்கம் வருகிறேன். சொல்வதைத் தவறாக எண்ணாதீர்கள்.

பல ஊர்களில் ஜமாஅத்துகள் எவ்வாறு பிளவுபடுகின்றன என்பதை நீங்கள் அறிவீர்கள். தொடக்கம் சிறியதாகவே இருக்கும். கடை வாடகையை உயர்த்துவதா, மையவாடிச் சுவரை எப்போது கட்டுவது, மதரஸாவின் நேரத்தை மாற்றுவதா என்பது போன்ற ஒரு கருத்து. பொதுக்குழுவில் ஒருவர் கருத்து ஏற்கப்படுவதில்லை. அவர் எழுந்து போகிறார். அவருடன் நான்கு வீட்டார் போகிறார்கள். அடுத்த ஆண்டு சந்தா வராது. அதற்கடுத்த ஆண்டு திருமணப் பதிவேட்டில் கையொப்பமிடுவது யார் என்ற சண்டை. பின்னர் வக்ஃப் வாரியத்தில் மனு, தீர்ப்பாயத்தில் வழக்கு. அல்லாஹ்வுக்காக வக்ஃப் செய்யப்பட்ட சொத்தின் வருமானம் வழக்குச் செலவில் கரைகிறது. ஒரே தெருவில் இரு ஜமாஅத். ஒரே வீட்டு ஜனாஸாவுக்கு வர இரு தரப்பும் தயங்குகிறது.

வெளியேறியவரை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். வென்றவர்களுக்கும் கடமை உண்டு. எதிர்க்கருத்தைப் பேச விடாமல் கூச்சலிட்டு அமர்த்துவது, தீர்மானப் புத்தகத்தில் மாற்றுக் கருத்தை எழுத மறுப்பது, கூட்டம் முடிந்ததும் தேநீர்க் கடையில் ஏளனம் செய்வது, இவையெல்லாம் மனிதனைச் சபையிலிருந்து விரட்டும் செயல்கள். 1949 இல் எவ்வளவு கசப்பு இருந்தபோதும், பெரும்பான்மையினர் இஸ்மாயில் சாஹிபைப் பேச விட்டார்கள். அவர் பேசியதை ஒரு சொல் விடாமல் அச்சிட்டும் வைத்தார்கள். நாட்டின் மாமன்றம் காட்டிய பொறுமையை ஒரு தெருவின் பொதுக்குழு காட்ட முடியாதா?

ஆகவே மூன்று வேண்டுகோள்களை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, பொதுக்குழுவில் ஒரு தீர்மானத்திற்கு மாற்றுக் கருத்து எழுந்தால், அதைச் சொன்னவர் பெயரையும் அவர் கூறிய காரணத்தையும் தீர்மானப் புத்தகத்தில் இரண்டு வரியேனும் எழுத வேண்டும். தம் சொல் பதிவாயிற்று என்று அறிந்தவர் சபையை விட்டுப் போக மாட்டார். பின்னொரு நாள் அவர் சொன்னதே சரி என்று தெரியவந்தால், அப்பக்கத்தைப் புரட்டிப் பார்க்கவும் இயலும்.

இரண்டாவது, கருத்து ஏற்கப்படாதவர் அடுத்த வக்துத் தொழுகைக்கு அதே ஸஃப்பில் வந்து நிற்க வேண்டும். முடிவான தீர்மானத்தை நிறைவேற்றுவதில் அவரும் கைகொடுக்க வேண்டும். தோற்றவர் கைகொடுக்கும்போதுதான் தீர்மானம் ஊரின் தீர்மானமாகிறது.

மூன்றாவது, நம் சட்டமன்ற உறுப்பினரையும் பாராளுமன்ற உறுப்பினரையும் நாம் அணுகும் முறை. அவர் எக்கட்சியைச் சார்ந்தவராயினும் ஆகட்டும். தெருவிளக்கும் சாலையும் கேட்கிறோம், பரிந்துரைக் கடிதம் கேட்கிறோம், கேளுங்கள், தவறில்லை. அதனுடன் ஒன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: எங்களுக்காக அவையில் என்ன கேள்வி கேட்டீர்கள், எந்த மசோதாவுக்கு என்ன திருத்தம் கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். 2025 ஏப்ரலில் வக்ஃப் திருத்த மசோதா பாராளுமன்றத்தில் நிறைவேறியபோது, எதிர்க்கட்சி உறுப்பினர்கள் கொடுத்த திருத்தங்கள் ஏற்கப்படவில்லை. ஆயினும் கூட்டுக்குழுவில் அவர்கள் எழுதிய மாற்றுக் குறிப்புகளும், அவையில் பேசிய உரைகளும் பதிவாகியுள்ளன. அதன்பின் வழக்கு உச்ச நீதிமன்றம் சென்று, அவ்வாண்டு செப்டம்பரில் சில பிரிவுகளுக்கு இடைக்காலத் தடையும் வந்தது. அவையில் தோற்றதோடு ஒரு விஷயம் முடிந்துவிடுவதில்லை என்பதை நம் காலத்திலேயே கண்டோம்.

இவற்றையெல்லாம் படித்துப் புரிந்து, மனு எழுதி, வாதாடத் தெரிந்த பிள்ளைகள் நமக்கு வேண்டும். பொறியியலுக்கும் வெளிநாட்டு வேலைக்கும் பிள்ளைகளை அனுப்புகிறோம். சட்டம் படிக்க இம்மஹல்லாவிலிருந்து ஆண்டுக்கு ஒருவரையேனும், ஆணாயினும் பெண்ணாயினும், ஜமாஅத்தின் கல்வி உதவி நிதியிலிருந்து அனுப்ப இப்பொதுக்குழு முடிவெடுக்கக் கூடாதா? நிதி போதாது என்று எதிர்ப்போர் இருந்தால் எழுந்து சொல்லுங்கள். அதையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதுவோம்.

மர்ஹூம் காயிதே மில்லத் அவர்களின் பிழைகளைப் பொறுத்து, அவர்களது மண்ணறையை ஒளிமயமாக்கி, உயர்ந்த சுவனபதியை வல்ல அல்லாஹ் அவர்களுக்கு அருள்வானாக! நம் மஹல்லாவைப் பிளவிலிருந்து காத்து, கருத்து வேறுபட்டாலும் உள்ளம் வேறுபடாத கூட்டமாக நம்மை ஆக்குவானாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.